மூவிலைக்குத் தண்ணீர் ஊற்றாதே

கோட்டாற்றில் மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்த சாயபு எங்கள் சாக்கிலிருந்து ஒரு வேரை உருவி எடுத்தார். காய்ந்த வேர் என்றால் ஒடிக்கும்போது ‘டக்’கென்று சத்தம் கேட்க வேண்டும். எங்கள் வேர் பழைய கயிறு மாதிரி வளைந்தது. மறுபடியும் ஒடித்துப் பார்த்தார். மறுபடியும் வளைந்தது.

பிறகு நுனியைக் கடித்து மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். நானும் அக்காவும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். கடைக்குள் சுக்கு, திப்பிலி, வசம்பு எல்லாம் கலந்து ஒரு வாசனை. தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. தும்மினால் வேருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதையும் அடக்கினேன்.

சாயபு கோளாம்பியில் துப்பினார்.

“மோளே, இது என்னது?”

“மூவிலைதான் காக்கா” என்றாள் அக்கா. சாயபுமாரை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

“பேரு மூவிலைதான். வேரு கீரைத்தண்டுல்லா? இதை வைத்தியருக்கு அனுப்பினா, நாளைக்குப் பருப்பும் சேர்த்து அனுப்புன்னு எழுதுவாரு.”

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள். “இன்னொரு தடவை வருவோம்” என்றாள். அவ்வளவுதான்.

மாசி மாதம். வெயில் ஏறியிருந்தது. கோட்டாற்றிலிருந்து பூதப்பாண்டிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். கீரைத்தண்டு கனக்காது என்று நினைப்பீர்கள். கனத்தது.

போன வாரம் இந்தப் பத்தியில் கிணற்றில் விழுந்த எருமையைப் பற்றி எழுதியதில், எருமையைத் தூக்கக் கயிறு கட்டியது என் அக்கா பொன்னம்மை என்று ஒரு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு ஒரு வாசகித் தங்கை, “அந்த அக்காவைப் பற்றி ஒரு வரிதானா?” என்று கேட்டு எழுதியிருக்கிறாள். கேட்டாளே, நல்லாயிருப்பாள். இந்த வாரம் முழுக்க அக்காதான்.

இந்தக் கை எடுத்த சீட்டு

எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்த வருசம் எனக்கு இருபத்து மூன்று வயது. அக்காவுக்கு முப்பது. அவள் கல்யாணம் ஆகி நான்கு வருசத்தில் புருசனை இழந்து திரும்பி வந்தவள். அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். எனக்கு அவள், அவளுக்கு நான்.

நிலத்தைப் பங்கு வைத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். எங்கள் பங்குக்குச் சீட்டு எடுத்தது நான். யார் மேலும் குறை சொல்ல வழியில்லை. நல்ல வயலெல்லாம் மற்றவர்களுக்குப் போக, இந்தக் கை எடுத்தது ஒரு பொத்தைச் சரிவு. எங்கள் பக்கத்தில் சின்னக் குன்றைப் பொத்தை என்போம். சரளைக் கல், முள், நடுவில் நாலு பனை. ஆடு கூட அங்கே போனால் வருத்தத்தோடுதான் திரும்பும்.

சித்தப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: “ஏட்டி பொன்னு, பொத்தையை எனக்கு எழுதித் தா. நான் ஆட்டுக்கிடை போட்டுக்கிடுதேன். நீயும் தம்பியும் ரெண்டு நேரமும் நம்ம வீட்டுல வந்து சாப்பிடுங்க. யாரு வேண்டாங்கா?”

சித்தப்பா கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் ஆயுசுக்கும் இன்னொரு வீட்டு அடுக்களையில் இலை போட்டு உட்காருவது என்பது அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்? எல்லார் முன்னாலும் அவள் எழுந்து நின்றாள்.

“மூணு வருசம் பொறுங்க சித்தப்பா. மூணாவது மாசிக்குள்ள இந்தப் பொத்தை எங்களுக்குச் சோறு போடலேன்னா நீங்களே எடுத்துக்கிடுங்க. நாங்க உங்க வீட்டுல வந்து உக்காருதோம்.”

“பொத்தை சோறு போடுமா? கல்லைத்தான் போடும்” என்றார் சித்தப்பா.

“கல்லுன்னாலும் எங்க கல்லு” என்றாள் அக்கா.

காணியின் கம்பளி

மூவிலை எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு கம்பளியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

மலையிலிருந்து தேனும் வேரும் கொண்டு கோட்டாற்றுக்கு இறங்குகிற ஈச்சன் காணி என்றொருவர் எங்கள் வீட்டில் தங்கி இளைப்பாறிப் போவார். மலையில் குடியிருக்கும் காணிக்காரர்களில் எங்களுக்குப் பழக்கமானவர் அவர் ஒருவர்தான். அவருடைய கம்பளி முழுக்கத் தட்டைத் தட்டையாகச் சின்னக் காய்கள். தொட்டால் விரலில் பசை.

“இந்தச் சவத்தை உதறினாலும் போகாது” என்றார். “மூவிலைக் காய். வேரைத்தான் சாயபு கேட்டுக்கிட்டே இருக்காரு. முன்னால அரை நாள் நடந்தா கிடைக்கும். இப்போ ரெண்டு நாள் நடக்கணும்.”

மூவிலையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அவரை, உளுந்து, பயறு எல்லாவற்றுக்கும் சொந்தக்காரச் செடி. ஒரு காம்பில் மூன்று இலை. இடுப்பளவு வளரும். இளஞ்சிவப்பில் பொடிப் பூ. காயைப் பிரித்தால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பயறுகள் வரிசையாக இருக்கும். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற தசமூலத்தில் பத்து வேர் உண்டல்லவா, எங்கள் பக்கத்து வைத்தியர்கள் அதில் மூவிலையையும் சேர்ப்பார்கள். மருந்துச் சீட்டில் ஓரிலை என்று ஒரு வரி வந்தால் அடுத்த வரி மூவிலை. பள்ளிக்கூடத்துக்குக் கைகோத்துப் போகிற அக்கா தங்கை மாதிரி.

காணி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா அவருடைய கம்பளியை மடியில் போட்டு ஒவ்வொரு காயாகப் பிய்த்துச் சிரட்டையில் போட்டாள். கம்பளியும் சுத்தமாயிற்று, எங்களுக்கு விதையும் ஆயிற்று.

“இதை யாராவது நட்டு வளத்திருக்காங்களா காணி?”

“மலை வளக்கும். மனுசன் ஏன் வளக்கணும்?” என்று சிரித்தார் காணி.

மிதிபட்டு முளைத்தது

நாங்கள் நெல்லுக்காரர்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நெல்லு. ஆகவே மூவிலை விதையையும் நெல் விதை மாதிரியே ஊறப் போட்டோம், துணியில் கட்டினோம், வைக்கோல் மூடி மேலே கல்லை வைத்தோம். மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தால் விதை போட்டபடியே கிடந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே. எட்டாம் நாள் நாற்றம்தான் முளைத்திருந்தது.

வீட்டு வாசலிலிருந்து தொழுவுக்குப் போகிற ஒற்றையடித் தடத்தில் பத்துப் பன்னிரண்டு சின்ன முளைகள் நிற்பதை அக்காதான் பார்த்தாள். மூன்று மூன்று இலை. காணி வந்த அன்று கம்பளியை உதறிப் பார்த்த இடம் அது.

“தடத்துக்கு வெளியேயும் விதை விழுந்திருக்கும். அங்கே ஒண்ணும் வரலை. தடத்துல மட்டும் ஏன் வந்தது?” என்று கேட்டாள்.

நான் குனிந்து முளைகளை எண்ணினேன்.

“மிதிபட்டிருக்கு லே. தோலு கெட்டி. சரளையில தேஞ்ச பிறகுதான் தண்ணி உள்ளே போயிருக்கு.”

மிச்சமிருந்த விதையை மணலோடு ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, அதன் மேல் ஏறி மிதித்தோம். தப்பு மேளம் அடிக்காத குறைதான், அப்படி ஆடினோம். விதைத்த ஒரு வாரத்தில் பொத்தை பச்சை குத்திக்கொண்டது. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவன் நான். அக்கா அந்தப் பக்கமே போகாதவள். ஆனால் தடத்தைப் படித்தாள், பாருங்கள்.

நாங்கள் வைத்த விருந்து

அதற்குப் பிறகு செய்தோம் ஒரு காரியம். நாஞ்சில் நாட்டுக்காரன் தவிர வேறு யாரும் செய்ய மாட்டான்.

செடி முளைத்துவிட்டதல்லவா? கை சும்மா இருக்குமா? குளத்து வண்டலைப் பனையோலைக் கடவத்தில் அள்ளிக் கொண்டுபோய்ப் போட்டோம். ஆட்டுப் புழுக்கை போட்டோம். கால்வாயிலிருந்து காலையும் மாலையும் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். தண்ணீர் என்பது எங்கள் ஆட்களுக்குப் பாசம் காட்டுகிற முறை. செடி எங்கள் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்தது. ஊர் வந்து பார்த்தது. “பொன்னு, உன் கை ராசியான கைல்லா” என்றார்கள். நான் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

காயை விதைக்கு எடுத்து வைத்துவிட்டு, அத்தனையையும் பிடுங்கிக் காயவைத்து, சாக்கில் கட்டிக் கோட்டாற்றுக்குப் போனோம். மீதியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. கீரைத்தண்டு.

ஒரு வருசம் போயிற்று. இரண்டு வருசம் பாக்கி.

மறுவாரம் காணி இறங்கி வந்தபோது அக்கா, “மலையில அது எங்கே நிக்குன்னு எனக்குக் காட்டணும்” என்றாள். ஊரில் பெண்பிள்ளை யாரும் அந்த மலை ஏறினதில்லை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பின்னால் நான், அட்டைக்குப் பயந்துகொண்டு. இரண்டாம் நாள் மதியம் ஒரு பாறை இடுக்கில் காணி கையைக் காட்டினார். முழங்கால் உயரம்கூட இல்லை. இலை வெயிலில் தொங்கிக் கிடந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

அக்கா உட்கார்ந்து கம்பால் மண்ணைக் கிளறி ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் என் பெருவிரல் பருமன்.

அதைக் கையில் புரட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “தாணு, நாம அதுக்கு விருந்து வச்சுக் கெடுத்திட்டோம். தண்ணி மேலேயே கிடைச்சா வேரு எதுக்குக் கீழே போகும்?”

குடம் உடைந்த நாள்

இரண்டாம் தடவை வண்டல் இல்லை, புழுக்கை இல்லை. வைகாசிச் சாரலுக்கு முன்னால் சரளையிலேயே விதைத்தோம். மழை எவ்வளவு தந்ததோ அவ்வளவுதான் தண்ணீர்.

வேலை செய்யச் சொன்னால் செய்துவிடலாம். வேலை செய்யாமல் இருக்கச் சொன்னால்? அந்த நாட்களில் அக்கா ஊராருக்கு நெல் குத்தினாள். நான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல்லையும் மற்றவர்கள் வயலில் அறுத்தேன். அந்திக்குப் பொத்தைக்குப் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வருவோம்.

பங்குனி வந்தது. சித்திரை வந்தது. செடி வாடியது. இலை சுருண்டு, காம்பு தளர்ந்து, மலையில் பார்த்ததைவிடப் பரிதாபமாக நின்றது. ஒரு நாள் சித்தப்பா ஏறி வந்தார். அவர் தண்ணீருக்கென்றே பிறந்த மனுசன். வெறுங்காலால் வரப்பில் நடந்தே எந்த வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்.

“ஏட்டி, செடி சாவுது.”

“சாகாது சித்தப்பா.”

“என் கண்ணுக்கு முன்னால ஒரு பச்சை வாடிக் கிடந்தா எனக்குச் சோறு இறங்காது கேட்டியா. பேச்சு கிடக்கட்டும். நான் சுமந்து கொண்டாறேன், ஆளுக்கு ஒரு குடம் ஊத்துவோம்.”

யோசித்துப் பாருங்கள். செடி செத்தால் பொத்தை அவருக்கு. அவர்தான் தண்ணீர் சுமக்கிறேன் என்கிறார்.

“வேண்டாம் சித்தப்பா” என்றாள் அக்கா. அவள் குரலும் சரியாக இல்லை.

அவர் போய்விட்டார். ஆனால் என்னால் முடியவில்லை. மறுநாள் அக்கா நெல் குத்தப் போயிருந்த நேரத்தில் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஓரத்து வரிசைக்கு ஊற்றினேன். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். அந்த வரிசை நிமிர்ந்துகொண்டது. எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

எட்டாம் நாள் குடத்தோடு ஏறுகிறேன். அக்கா பொத்தை மேல் நிற்கிறாள். என் தோளிலிருந்து குடத்தை இறக்கினாள். பக்கத்துப் பாறையில் ஒரே போடு. மண்குடம் சிதறியது.

“மக்கா, எனக்கு மட்டும் இரக்கம் இல்லைன்னு நினைச்சியா?” என்று கேட்டாள். ஓடின தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள். அப்போதுதான் அவள் கண்ணைக் கவனித்தேன். எத்தனை நாள் தூங்காத கண்ணோ!

கூந்தாலி

மூன்றாம் வருசம் தை மாதம் கடைசியில், கல்லைக் கிண்டுகிற கூந்தாலி எடுத்துக்கொண்டு பொத்தை ஏறினோம். சித்தப்பாவும் மண்வெட்டியோடு வந்துவிட்டார். “எனக்குக் கிடைக்கப்போற நிலத்தை நான் பாக்க வேண்டாமா?” என்றார். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டியிருந்த விதம் வேலைக்கு வந்த விதம்.

முதல் செடி வரவில்லை. இழுத்தேன். வரவில்லை. சித்தப்பா, “என்னலே, சோறு தின்னலையா?” என்று அவரும் பிடித்தார். வரவில்லை. கூந்தாலியால் சுற்றிலும் சரளையைக் கிண்டி, மூன்றாவது கையாக அக்காவும் பிடித்து இழுத்ததில் நான் மல்லாந்து விழுந்தேன். வேர் என் நெஞ்சின் மேல் கிடந்தது. பெருவிரல் தோற்றது.

சித்தப்பா அதை எடுத்து மண்ணைத் துடைத்து மோந்து பார்த்தார். அடுத்த செடிக்குப் போனார். அன்று இருட்டும்வரை அவர் நிமிரவில்லை.

நான் தண்ணீர் ஊற்றின வரிசை கடைசியில் வந்தது. ஒரு கையாலேயே வந்துவிட்டது, நூல் நூலாக. அக்கா அதைத் தனியாகக் கட்டி என் கையில் தந்தாள். “இது உனக்கு. கசாயம் வச்சுக் குடி. இரக்கக் கசாயம்.” சித்தப்பா சிரித்த சிரிப்பில் பனைமரத்துக் காக்கை பறந்தது.

சாயபுவின் சந்தேகம்

காய்ந்த வேர் மூன்று சாக்கு. எங்களுக்கு இரண்டு தலைதானே உண்டு? மூன்றாவது சாக்கைச் சித்தப்பா தூக்கினார். வயலும் வரப்பும் உள்ள பெரிய மனுசன், தலையில் சும்மாடு வைத்துக் கோட்டாற்றுத் தெருவில் சாக்குச் சுமந்து வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சாயபு வேரை எடுத்தார். ஒடித்தார். டக்.

இன்னொன்று. டக். மென்றார். இந்தத் தடவை துப்பவில்லை. சாக்கின் அடியில் கையை விட்டுத் துழாவி எடுத்தும் ஒடித்தார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“மோளே, சரக்கு உத்தமமான சரக்கு. விலை தாறேன். ஆனா ஒண்ணு கேப்பேன், உண்மையைச் சொல்லணும். காணிகிட்ட வாங்கித்தானே என்கிட்ட கொண்டாந்திருக்கே?”

அக்காவின் முகம் சிவந்தது. “எங்க பொத்தையில விளைஞ்சது காக்கா.”

“நாப்பது வருசமா வேரு பாக்குறேன். இது மலை வேரு. நட்ட வேருக்கு இந்தக் காரம் வராது. போன தடவை நீ கொண்டாந்தியே, அதுதான் நட்ட வேரு. மலை வேருன்னா மலை வேருன்னே சொல்லேன், எனக்கு என்ன?”

விலை கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் கடையில் நாலு பேர் நிற்கிறார்கள். மலை வேர் என்று ஒப்புக்கொண்டால் பொத்தை ஒன்றும் விளைவிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? சோறு போட்டது மலை என்றுதானே ஆகும்? அக்கா வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. மூன்று வருசத்தில் அவளை நான் அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேச வேண்டாம். சும்மா நின்றாலே போதும், பொத்தை அவருக்கு.

சித்தப்பா சும்மாட்டை அவிழ்த்து உதறினார்.

“வே சாயபு, இங்க பாரும்” என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. “இது வயல்ல வந்த கொப்புளமா? இந்தக் கையாலதான் தோண்டினேன். இவ சொன்ன மூணு வருசத்துல இந்தப் பொத்தை தோத்தா அது எனக்கு. தோக்குமான்னு ஏறிப் பாத்தவன் நான். நான் சொல்லுகேன், இவ விளைய வச்சது. ஒரு குடம் தண்ணி ஊத்த விடல்ல, கேட்டீரா? ஒரு குடம்!”

சாயபு அந்தக் கையைப் பார்த்தார், வேரைப் பார்த்தார்.

“அப்போ நான்தான் தோத்தேன்” என்றார். மூன்று சாக்கையும் உள்ளே எடுக்கச் சொன்னார். “வர்ற வருசம் ஆறு சாக்கு வேணும் மோளே.”

“வர்ற வருசம் கிடையாது காக்கா” என்றாள் அக்கா. குரல் திரும்பியிருந்தது. “ரெண்டு மழை தாண்டணும். அவசரப்பட்டா கீரைத்தண்டுதான்.”

சாயபு விழுந்து விழுந்து சிரித்தார். அவசரமில்லை, காத்திருக்கிறேன் என்றார்.

திரும்பும் வழியில் சித்தப்பா காலிச் சாக்கை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். எதிரே வருகிறவனையெல்லாம் நிறுத்தினார். வண்டிக்காரன், சந்தைக்குப் போகிறவள், முன்பின் தெரியாத ஒரு வழிப்போக்கன், யாரையும் விடவில்லை. “எங்க பொத்தையில விளைஞ்ச மூவிலை. கோட்டாத்துச் சாயபு மலை வேருன்னு சாதிச்சாரு!”

அக்கா பின்னால் வந்தாள். ஊர் எல்லையில் மெல்லக் கேட்டாள்: “எங்க பொத்தையா சித்தப்பா? யாரு பொத்தை?”

சித்தப்பா நின்றார். தலையைச் சொறிந்தார். எதிரே ஒருவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான்.

“ஏலே, கேட்டியா” என்று அவனை மறித்துக்கொண்டு, அந்த மலையடிவாரம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார்: “பொன்னம்மை பொத்தையில விளைஞ்சது!”